ஐந்து தெரு தாண்டி அயல்நாடு

திருஞானசம்பந்தம் தன்னார்வத் தொண்டராக முன்வந்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அந்தச் சேதி அவருக்கே தெரிந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான்.

அப்போது அவர் பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டுத் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, ஓர் அரக்குச் சேலையை முக்கால்வாசி நெய்து முடித்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்துப் பியூன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். கடல் கடந்து சென்று நட்பு நாட்டு மக்களுக்கு நெசவு கற்பிக்கத் தாங்கள் தாமாகவே முன்வந்திருப்பதைச் சங்கம் மனமாரப் பாராட்டுகிறது என்று அதில் இருந்தது. அவ்வாறு தாமாகவே முன்வரத் தவறினால் தங்கள் பெயரிலுள்ள 214ஆம் எண் தறி ரத்து செய்யப்படும் என்று அடுத்த வரியில் இருந்தது.

"இன்னாங்க போட்டுருக்குது?" என்று தறியின் இடது பக்கத்திலிருந்து வடிவாம்பாள் கேட்டாள்.

"என்னைப் பாராட்டியிருக்கிறாங்க."

"எதுக்கு?"

"அதான் புரியல."

வடிவாம்பாள் அவர் மனைவி. அவள் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது புருஷனோடு ஊர்க்கதை பேச அல்ல. காஞ்சிபுரத்துச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்குக் குறுக்கிழையை ஓட்டும் நாடா மூன்று வேண்டும். உடலுக்கும் வலது கரைக்கும் நெய்கிறவரே எறிந்துவிடுவார். இடது கரைக்கு எறிய இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். பதினாறு வருஷமாக அந்த இன்னொரு ஆள் வடிவாம்பாள். இருவருக்கும் சண்டை வந்து பேச்சுவார்த்தை அற்றுப்போன நாட்களிலும் நாடாக்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

தறி சங்கத்துடையது. பட்டும் சங்கத்துடையது. நெய்த சேலையும் சங்கத்துக்கே போகும். அவர்களுக்கென்று உலகத்தில் இருந்தது 214 என்கிற எண் ஒன்றுதான். அந்த எண் இருக்கும்வரை அவர்கள் சொந்த வீட்டில் சொந்தக் குழியில் உட்கார்ந்து நெய்யலாம். அது போனால் ஊரார் வீட்டுத் தறிகளில் ஆள் குறையும் நாளாகப் பார்த்து வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த எண்ணுக்கு ஒரு விதி உண்டு. உறுப்பினர் தொண்ணூறு நாள் தொடர்ந்து தறியில் உட்காராவிட்டால் எண் ரத்து. பெண்டாட்டி உட்கார்ந்தால் அது உட்கார்ந்ததாக ஆகாது.

"பயிற்சி அறுபதே நாளுதான்பா. வெளிநாட்டுக்கே போய்ட்டா ரெண்டு வருசம் ஆனாலும் எண்ணைத் தொடமாட்டாங்க, அதுக்கு ரூல் இருக்குது," என்றான் பியூன்.

"பயிற்சில இருக்கும்போது?"

"அதுக்கு ரூல் இல்ல. இன்னும் போகலியே."

அறுபது தொண்ணூறைவிடச் சிறியது என்ற கணக்கை நம்பி, மாற்று வேட்டி இரண்டையும் ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு சம்பந்தம் கிளம்பினார்.

அனைத்துலகத் தொண்டர் ஆயத்தப் பயிற்சி நிலையம் ஒரு பழைய சத்திரத்தில் இருந்தது. சம்பந்தத்தின் வீட்டிலிருந்து ஐந்து தெரு. இயக்குநர் கோதண்டபாணி. நெசவாளர் சங்கத்துக்குத் தனி அலுவலராகக் கூடுதல் பொறுப்பு வகித்தவரும் அவரேதான். ஒரே அறையில் அவருக்கு இரண்டு மேசைகள். முற்பகலில் கிழக்கு மேசையில் இயக்குநர். பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் மேற்கு மேசையில் தனி அலுவலர். இரண்டு மேசைக்கும் நடுவே ஏழடி தூரம். அதை அவர் நடந்து கடக்கும்போது முகமே மாறிவிடும் என்று கிளார்க் பூவராகவன் பயபக்தியோடு சொல்வார்.

துவக்க விழாவில் கோதண்டபாணி ஒரு மணி நேரம் பேசினார்.

"தொண்டர்களே! சிலர் கேட்கிறார்கள், வெளிநாடே போகாத நீர் வெளிநாடு போகிறவர்களுக்குப் பயிற்சி தரலாமா என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். வெளிநாடு போனவன் எவனாவது பயிற்சி தர இங்கே திரும்பி வந்திருக்கிறானா? ஆகவேதான் போகாதவனாகப் பார்த்து என்னை அமர்த்தியிருக்கிறார்கள். தொண்டு என்றால் என்ன? வாங்குகிறவனுக்கு வேண்டியதைக் கொடுத்தால் அது வியாபாரம். நம்மிடம் இருப்பதைக் கொடுத்தால் அது தானம். அவனுக்கு வேண்டாததை, நம்மிடமும் இல்லாததை, விடாப்பிடியாகக் கொடுக்கிறோமே, அதுதான் தொண்டு!"

பயிற்சிக்கு வந்த பதினோரு பேரும் கைதட்டினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இயக்குநர் நட்பு நாட்டின் பெயரை மூன்று விதமாக உச்சரித்தார். எது தேவைப்படுமோ என்று பூவராகவன் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

வெளிநாட்டு வாழ்க்கை பழக வேண்டும் என்பதற்காக, சத்திரத்து மதிலுக்கு உட்பட்ட பூமி அன்று மாலை முதல் அயல்நாடு என்று அறிவிக்கப்பட்டது. வாட்ச்மேன் கந்தன் குடியேற்ற அதிகாரி ஆனான். பயிற்சிக்கு வந்தவர் வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் 'தாயகம் திரும்பும் விடுப்பு' கேட்டு எழுத வேண்டும். அதைப் பரிசீலிக்க ஏழு நாள். வீட்டுக்கு எழுதும் கடிதம் விமானத் தபால் உறையில் மெட்ராஸ் போய், அங்கே முத்திரை குத்திக்கொண்டு காஞ்சிபுரம் திரும்பும். ஐந்து தெருவை அது ஒன்பது நாளில் கடந்தது. ஏகாம்பரநாதர் கோயில் மணி மட்டும் எந்த அனுமதியும் இல்லாமல் இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

காலை ஆறு மணிக்குக் கொடி வணக்கம். நட்பு நாட்டுக் கொடி இன்னும் வந்து சேராததால் சமையல்காரரின் வேட்டி கம்பத்தில் ஏறியது. எட்டு மணிக்குப் பொங்கலை முள்கரண்டியால் சாப்பிடும் பாடம். நாங்கள் இங்கே கையால்தான் சாப்பிடுகிறோம், நெசவு தெரிந்த ஓர் ஆளைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று நட்பு நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அவர்களுக்கும் பயிற்சி தேவை' என்று இயக்குநர் ஓரத்தில் எழுதிப் பைலில் வைத்தார்.

பாடம் நடத்தியவர் பயிற்சி அலுவலர் ராஜகோபால். இயக்குநருக்கு மைத்துனர் மகன். மாமியார் வீடு பெங்களூரில் இருந்ததால் அந்நிய மண்ணில் வாழ்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. கலாச்சார அதிர்ச்சி என்பது அவருடைய சிறப்புப் பாடம். அவர் கையைத் தட்டியதும் பதினோரு பேரும் அதிர்ச்சி அடைய வேண்டும். பத்து எண்ணி முடிப்பதற்குள் தெளிந்துவிட வேண்டும். நாற்று நடக் கற்பிப்பதற்காக முசரவாக்கத்திலிருந்து பிடித்து வந்திருந்த தர்மன் என்ற விவசாயி முதல் நாள் அதிர்ச்சியே அடையவில்லை. மறுநாள் அடைந்த அதிர்ச்சியிலிருந்து திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாபா இது, நானு நடவை உட்டுட்டு வந்து கூத்தாடிக்கினு இருக்கறேன்," என்று அவர் சம்பந்தத்திடம் முனகினார். நட்பு நாட்டைச் சுற்றிக் கடல் என்பதால் அன்று பிற்பகல் அவருக்குக் கரும்பலகையில் நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள்.

நெசவுக் கோட்பாடு வகுப்பும் ராஜகோபாலுடையதுதான். "தறி என்பது நெய்வதற்குப் பயன்படும் கருவி. நெய்தல் என்பது தறியைக் கொண்டு செய்யப்படும் செயல்," என்று அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். சம்பந்தம் அதை மூன்று முறை எழுதினார். பிறகு கையை உயர்த்தினார்.

"சார், ஒரு சந்தேகம். அங்க போயி தறி போட்டா இடது கரைக்கு யாரு நாடா எறியறது? ரெண்டு பேரு உட்காரணும் சார். என் சம்சாரத்தையும் அனுப்பினாத்தான் சேலை வரும்."

கேள்வி ராஜகோபாலின் நோட்டில் இல்லாததால் இயக்குநரிடம் போனது. அவர் பரவசமாகிவிட்டார்.

"ஒரு பக்கம் நாம், மறு பக்கம் அவர்கள்! நம் நாடா அங்கே போகிறது, அவர்கள் நாடா இங்கே வருகிறது. இதைத்தானய்யா சர்வதேச ஒத்துழைப்பு என்று நாங்கள் கரடியாகக் கத்துகிறோம்!"

"அவங்களுக்கு நெசவு தெரியாதுங்களே அய்யா. தெரிஞ்சாத்தானே எறிவாங்க?"

"தெரிந்தால் உம்மை எதற்கு அனுப்புகிறோம்?"

சம்பந்தம் உட்கார்ந்துவிட்டார். தான் கேட்ட கேள்வியை அவர் மறந்து, எங்கோ தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நம்பத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

ஐம்பத்தேழாம் நாள் நட்பு நாட்டுக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை கிடைத்த கையோடு அந்த மக்கள் தங்கள் நாட்டின் பெயரை மாற்றிவிட்டார்கள். சமாச்சாரம் பத்திரிகையில் வந்த காலையில் நிலையமே இழவு வீடாகிவிட்டது.

"இல்லாத நாட்டுக்குப் போகப் பயிற்சி பெற்றவர்களை இருக்கிற நாட்டுக்கு எப்படி அனுப்புவது?" என்று கோதண்டபாணி குரல் தழுதழுக்கக் கேட்டார். "இருந்தாலும் நாம் சோர்ந்துவிடப் போவதில்லை. முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குவோம்!"

தொடங்கினார்கள். அதே பொங்கல், அதே அதிர்ச்சி, அதே நீச்சல். கொடியும் மாறவில்லை.

சம்பந்தம் விரல் விட்டு எண்ணினார். ஐம்பத்தேழும் அறுபதும் எவ்வளவு என்று பார்க்க அவருக்குக் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. கிழக்கு மேசைக்குப் போய்க் கும்பிட்டு நின்றார். கோதண்டபாணி உருகிப்போனார். 214ஆம் எண் தறிக்கு விதிவிலக்கு அளிக்குமாறு சங்கத்துத் தனி அலுவலருக்கு அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பூவராகவனிடம் கொடுத்தார். பூவராகவன் அதை மேற்கு மேசையில் கொண்டுபோய் வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து மேற்கு மேசையில் உட்கார்ந்த கோதண்டபாணி உறையைப் பிரித்துப் படித்தார்.

"யார் எழுதியது? நல்ல தமிழ்," என்று பாராட்டிவிட்டு, 'விதியில் இடமில்லை' என்று பதில் எழுதினார்.

மறுநாள் காலை கிழக்கு மேசையில் அந்தப் பதிலைப் படித்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. "இரும்பு நெஞ்சக்காரர், சம்பந்தம். நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்," என்றார்.

அந்த வாரமே தர்மன் மதிலேறிக் குதித்து முசரவாக்கம் போய்ச் சேர்ந்தார். தேடிப்போன ராஜகோபாலை அவர் வரப்பில் நிற்கவிட்டே பேசி அனுப்பிவிட்டார். ஓடிப்போனார் என்று எழுதினால் நிலையத்துக்கு இழுக்கு. ஆகவே அயல்நாட்டிலிருந்து தாயகம் திரும்பினார், சேவை நிறைவுற்றது என்று எழுதி, அவருக்குச் சான்றிதழும் அனுப்பினார்கள். அந்த நிலையத்தின் சரித்திரத்தில் முழுத் தொண்டும் ஆற்றி முடித்தவர் அவர் ஒருவர்தான்.

எண்பத்தெட்டாம் நாள் வடிவாம்பாள் சத்திரத்து வாசலுக்கு வந்தாள். கந்தன் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"எந்த நாடும்மா?"

"ஏன்டா கந்தா, என்னைத் தெரியாதா உனக்கு? என் தங்கச்சி கல்யாணத்துல மூணு பந்தி குந்துன, எந்த நாடுன்னு கேக்கற?"

"தெரியும்கா. டூட்டிக்கா. பாஸ்போர்ட்டு இல்லாம உட்டா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

பூவராகவன் ஒரு படிவம் கொண்டுவந்து கொடுத்தார். வருகையின் நோக்கம், தங்கும் காலம், அம்மை குத்திய விவரம், திரும்பிப் போகப் பயணச்சீட்டு உண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. வடிவாம்பாள் அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மதிலைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். உள்ளேயிருந்து அதிர்ச்சி வகுப்பின் கைதட்டல் கேட்ட இடத்தில் நின்று கத்தினாள்.

"ஏங்க! நாளன்னிக்குத் தொண்ணூறுங்க! சங்கத்துல நோட்டீசு ஒட்டிட்டுப் போய்ட்டானுங்க! ஒரு நாளு வந்து குந்தி, பியூன் கண்ணெதிர நாலு தரம் நாடா எறிஞ்சாப் போதுமாம்! வந்துட்டுப் போய்டுங்க!"

சம்பந்தம் ஓடிவந்து மதிலோரம் நின்றார். வடிவாம்பாளின் குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. மதில் தோளுயரத்துக்கும் கொஞ்சம் மேல். தர்மன் குதித்த இடத்தில் இரண்டு செங்கல் பெயர்ந்து, கால் வைக்க வாகாக இருந்தது. அவர் காலை வைத்தும்விட்டார்.

"மிஸ்டர் சம்பந்தம்," என்றார் ராஜகோபால் பின்னாலிருந்து. "தர்மனுக்குத் தறி இல்லை. உமக்கு இருக்கிறது. தப்பி ஓடினவர் என்று இன்றைக்கே சங்கத்துக்கு எழுத வேண்டியிருக்கும். விடுப்புக்கு முறையாக எழுதிக் கொடும்."

சம்பந்தம் காலை எடுத்துவிட்டார். முறையாக எழுதிக் கொடுத்தார். விடுப்பு ஏழு நாளில் கிடைத்தது. அந்தக் காலைக் கீழே வைத்ததற்காக அவர் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள நினைத்திருக்கிறார்.

தொண்ணூற்றோராம் நாள் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் கத்தரிக்கோலோடு பிள்ளையார்பாளையம் போனார்கள். நெசவுக்காரர் எவரும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை முழுக்க அறுத்து எடுக்கமாட்டார். ஒரு பாவு தீர்ந்தால் அதன் வாலை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதில் பிணைத்துக்கொண்டு போவார்கள். வந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. ஆயிரக்கணக்கான இழைகளையும் குறுக்கே கத்தரித்து, முக்கால் சேலையைச் சுருட்டிக்கொண்டு, தறிச் சட்டத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். வடிவாம்பாள் அழவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் வாய் ஓயவில்லை. அந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

இரண்டாவது அறுபதாம் நாள் தேர்வுப் பட்டியல் வந்தது. நட்பு நாட்டுக்குச் செல்லும் நெசவுத் தொண்டருக்குத் தகுதி, தறி எண் உடைய நெசவாளராக இருத்தல். சம்பந்தத்துக்கு எண் இல்லை. காலியாகக் கிடந்த 214ஆம் எண் பத்து நாள் முன்னதாகவே ராஜகோபாலின் பெயருக்கு மாறியிருந்தது. ஆகவே ராஜகோபால் கடல் கடந்து போனார். புறப்படுவதற்கு முன் நிலையத்துத் தாழ்வாரத்தில் ஒரு குழி வெட்டி, சம்பந்தத்தின் தறியையே அதில் நிறுத்தி, ராஜகோபாலைப் பூட்ஸ் காலோடு உள்ளே இறக்கி, மாலை போட்டுப் படம் பிடித்தார்கள்.

"மிஸ்டர் சம்பந்தம், நாடாவை எந்தக் கையால் எறிவது?" என்று குழியிலிருந்து அவர் கேட்டார்.

"ரெண்டு கையாலயும் சார்," என்றார் சம்பந்தம். சொல்லிவிட்டுத் தறிச் சட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றார். ராஜகோபால் அதைப் பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கோதண்டபாணி சம்பந்தத்தைக் கைவிடவில்லை. கிழக்கு மேசைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அடுத்த அணி வரப்போகிறது. தொண்டு செய்யப் பழகப் போகிறார்கள். யாருக்குச் செய்து பழகுவார்கள்? அந்தக் குறையை இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. ஆகவே தொண்டு பெறுபவர் என்று ஒரு பணியிடம் உண்டாக்கியிருக்கிறேன். நட்பு நாட்டு ஏழையாக நீர் இருக்க வேண்டும். அவர்கள் உமக்கு நெசவு கற்பிப்பார்கள். உம்மைவிடப் பொருத்தமானவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்? தறி இல்லை, தொழில் இல்லை, முகத்தைப் பார்த்தாலே யாருக்கும் ஏதாவது செய்யத் தோன்றுகிறது."

"என் எண்ணு திரும்பக் கிடைக்குமுங்களா அய்யா?"

"மூன்று மாதம் ஒழுங்காகப் பெற்றுக்கொள்ளும். நன்னடத்தை அறிக்கையை நானே எழுதித் தனி அலுவலருக்கு அனுப்புகிறேன். வேறு எண் ஒன்று ஒதுக்க அவர் மனம் இரங்கக்கூடும்."

அந்த ஒரு சொல்லுக்காகச் சம்பந்தம் ஏழையானார். ஏற்கெனவே பாதி ஆகியிருந்ததால் சிரமம் தெரியவில்லை.

புது அணியில் காந்தா என்று பட்டப்படிப்புப் படித்த பெண் இருந்தாள். தறியை அவள் முதன்முதலாகப் பார்த்ததே அங்கேதான். "இதுதான் நாடா. பயப்படாதீங்க," என்று சம்பந்தத்தின் கையில் வைத்தாள். அவள் மிதிபலகையில் ஏறி நின்றதில் பாவில் ஓர் இழை அறுந்தது. அவள் கவனிப்பதற்குள் சம்பந்தத்தின் விரல்கள் தாமாகவே போய் அதை முடிந்துவிட்டு வந்தன. பூவராகவன் மதிப்பெண் தாளில் எழுதினார்: பெறுபவர் உதவி வருவதற்குள் தானே செய்துகொண்டார், இருவருக்கும் ஐந்து குறைவு.

காந்தா அழுதேவிட்டாள். "முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டிருந்தா நான் எதைங்க கத்துக்குடுக்கிறது? நீங்க தெரியாம இருந்தாத்தானே எனக்கு மார்க்கு?"

சம்பந்தத்துக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஐந்து ஐந்தாகக் குறைந்தால் அறிக்கை என்னவாகும்? மறுநாள் இழை அறுந்தபோது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.  அதற்கடுத்த வாரம் கையை வெளியிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருக்க வந்தது. ஒரு மாதத்தில் அறுந்த இழையைப் பார்த்து "இது இன்னாதுங்க?" என்று கேட்கவும் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் ஏறியது. புது அணிப் பிள்ளைகள் நாடாவைத் தலைகீழாகப் பிடித்தால் அவரும் தலைகீழாகப் பிடித்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் அவருடைய அறியாமையைத் தொட்டுப் பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பெறுபவர் வேறு எங்கும் இல்லை என்று கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்.

வடிவாம்பாள் இதற்குள் வேறு தெருவில் ஒருவர் தறிக்கு இடது பக்கம் உட்காரப் போய்க்கொண்டிருந்தாள். பெறுபவருக்கு விடுப்பு விதி கிடையாது என்பதால் சம்பந்தம் ராத்திரி வீட்டுக்கு வந்துபோனார். "அந்தாளு நாடா எறியறதுல தாளமே இல்லீங்க. சீக்கிரம் நம்ப எண்ணை வாங்கிக்கினு வாங்க," என்பாள். "அறிக்கை நல்லா வருது வடிவு," என்பார் சம்பந்தம்.

மூன்று மாதம் முடிந்தது. அவர் மனு மேற்கு மேசைக்குப் போனது. கூடவே கிழக்கு மேசையின் அறிக்கையும் போனது. தனி அலுவலர் கோதண்டபாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'இவருக்கு நெசவு அறவே தெரியாது. மூன்று மாதம் இடைவிடாது கற்பித்தும் ஓர் இழைகூடக் கற்கவில்லை. இவ்வகையில் இவர் நிலையத்தின் பெருமை.' இப்படி எழுதியிருக்கிறாரே இயக்குநர்? உமக்கு எப்படி நான் தறி கொடுப்பது?"

"அய்யா, அது நீங்க எழுதினதுதானுங்களே."

"இயக்குநர் எழுதியதில் நான் தலையிட முடியாது."

சம்பந்தம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது ஆள் விழுந்ததில் மேசைமேல் இருந்த மைக்கூடு ஆடியது. ஒரே ஒரு தடவை நெய்து காட்டுகிறேன், நெசவு தெரியுமா தெரியாதா என்று கண்ணால் பாருங்கள் என்று தரையில் கிடந்தபடியே கேட்டார். கோதண்டபாணிக்கும் ஒரு மனசு இருந்தது. பத்து நிமிஷம் கொடுத்தார்.

கந்தன் போய் வடிவாம்பாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அயல்நாட்டு நிபுணர் என்று எழுதி அவளை உள்ளே விட்டார்கள். தாழ்வாரத்துக் குழியில் இருவரும் உட்கார்ந்தார்கள். எட்டு மாதத்துக்கு அப்புறம் வடிவாம்பாள் இடது பக்கத்திலிருந்து நாடாவை விட, சம்பந்தம் வலது பக்கத்திலிருந்து விட, மூன்று நாடாவும் தட்டித் தட்டிப் போய்வந்தன. கரை நேராக எழுந்தது. வாட்ச்மேன் கந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பூவராகவன் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வடிவாம்பாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எட்டாவது நிமிஷம் சேலையின் உடல் பகுதியில், சம்பந்தத்தின் கைக்கு நேரே, ஓர் இழை அறுந்தது.

சம்பந்தம் அதன் மேலேயே நாடாவை எறிந்தார். மறுபடி எறிந்தார். நெய்த துணியில் ஒரு கோடு விழுந்து நீள ஆரம்பித்தது. வடிவாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நேரே பார்த்துக்கொண்டு எறிந்துகொண்டிருந்தார். அவள் பொறுக்கமாட்டாமல் எட்டிக் குனிந்து, இழையின் இரண்டு முனையையும் பிடித்து முடிந்தாள்.

"நிறுத்துங்கள்," என்றார் கோதண்டபாணி. "பூவராகவன், எழுதும். இழை அறுந்தது. மனுதாரர் கட்டவில்லை. மனைவி கட்டினார். மனு தள்ளுபடி."

"அப்ப என் பேருல எண்ணைக் குடுங்கய்யா," என்றாள் வடிவாம்பாள் எழுந்து நின்று. "எனக்குத் தெரியும்னு இப்ப நீங்களே சொன்னீங்கல்ல?"

"உறுப்பினரின் மனைவி என்றால் பரிசீலிக்கலாம். உன் கணவர் உறுப்பினர் இல்லையேம்மா," என்று அவர் இரக்கத்தோடு சொல்லிவிட்டு, அறைக்குள் போய், மேற்கு மேசையைத் தாண்டி ஏழடி நடந்து கிழக்கு மேசைக்குப் போனார். அங்கிருந்தே கூப்பிட்டுச் சொன்னார். "சம்பந்தம், திங்கட்கிழமை மூன்றாவது அணி வருகிறது. ஆறு மணிக்கு வந்துவிடும்."

இருவரும் வெளியே வந்தார்கள்.  நாலாவது தெருவில் வடிவாம்பாள் நின்றுவிட்டாள்.

"இழை அறுந்தது உங்க கைக்கு நேருக்கு நேரா. பாக்கவேயில்லையா நீங்க?"

"பாத்தேன் வடிவு."

"பாத்துமா கட்டல?"

சம்பந்தம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டினா மார்க்கு போய்டுமேன்னு..."

 வடிவாம்பாள் அவரை விட்டு நாலடி முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள்.